ஏரிக்குள் வீடு, வீட்டுக்குப் பின்னால் சந்து

மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு என்று ஒரு தெரு இருக்கிறது. அதில் நின்று எந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தாலும் ஏரி தெரியாது. நுங்கம்பாக்கத்தில் லேக் ஏரியா இருக்கிறது. அங்கும் ஏரி இல்லை. முகப்பேரில் ஒரு பகுதிக்கே ஏரி ஸ்கீம் என்று பெயர். சென்னையில் ஏரி என்ற சொல் பல இடங்களில், ஏரி இருந்து காலியான நிலத்தைத்தான் குறிக்கிறது.

தியாகராய நகரில் மேட்லி சாலை என்றும் ஒன்று உண்டு. ஜே. டபிள்யூ. மேட்லி, 1907-ல் சென்னை மாநகராட்சியின் சிறப்புப் பொறியாளராக வந்தவர். கீழ்ப்பாக்கத்தில் 1914-ல் தொடங்கிய நீரேற்று நிலையமும், நகரின் பாதாளச் சாக்கடைத் திட்டமும் அவர் கையால் வடிவம் பெற்றவை. ஊருக்குச் சாக்கடை போட்டவரின் பெயர், ஏரியைத் தூர்த்து எழுந்த ஒரு நகரத்தின் தெருவுக்கு அமைந்தது பொருத்தம்தான். மழைக்காலத்தில் முதலில் நீர் நிற்கும் இடங்களில் ஒன்றாக மேட்லி சுரங்கப்பாதை ஆகிவிட்டதை அவர் பார்க்க நேரவில்லை.

ஒரு புதுக் குடியிருப்பின் வரலாற்றை எழுதுகிறவர்கள் வழக்கமாக இரண்டு ஆண்டுகளைக் குறித்துக்கொள்வார்கள். மனை பிரித்த ஆண்டு ஒன்று, குழாய் வந்த ஆண்டு இன்னொன்று. நான் பேச விரும்புவது இரண்டுக்கும் நடுவில் கிடக்கும் காலத்தைப் பற்றி. வீடு வந்துவிட்டது, சமையல் நடக்கிறது, பிள்ளைகள் பிறக்கிறார்கள். சாக்கடை மட்டும் வரவில்லை. சில இடங்களில் அந்த நடுக்காலம் 5 ஆண்டு, சில இடங்களில் 30 ஆண்டு. அதுவரை வீட்டின் கழிவு எங்கே போயிற்று? தானாக எங்கும் போகவில்லை. யாரோ கொண்டுபோனார்கள். பெரும்பாலும் பெண்கள் கொண்டுபோனார்கள்.

முதலில் நிலத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். ஏரிக்குக் கரை உண்டு, மதகு உண்டு, மிகுநீர் வழியக் கலங்கல் உண்டு. கரைக்கு உட்பட்டு நீர் நிற்கும் பரப்புக்கு உள்வாய் என்று பெயர். சுற்றுவட்டாரத்திலேயே தாழ்ந்த இடம் அதுதான். எல்லாத் திசையிலிருந்தும் நீர் அங்கே வரும்; அங்கிருந்து தானாக எங்கும் போகாது. அதற்காகத்தான் அந்த இடத்தை ஏரியாக்கினார்கள். பாதாளச் சாக்கடையோ சரிவை நம்பி ஓடுவது. மேட்டிலிருந்து பள்ளத்துக்குக் குழாய் போட்டால் போதும், கழிவுநீர் தன் பாட்டுக்கு ஓடும். பள்ளத்திலேயே வீட்டைக் கட்டிவிட்டு அங்கிருந்து மேட்டுக்கு ஓடு என்றால் ஓடாது. குழாயை ஆள் உயரத்துக்கும் ஆழமாகப் புதைத்து, ஒரு கிணற்றில் சேர்த்து, மோட்டார் வைத்து மேலேற்ற வேண்டும். ஏரி நிலத்தில் தோண்டத் தோண்ட ஊற்று வேறு வரும். செலவு பிடித்த வேலை. ஆகவே ஏரிக்குள் எழும் வீடுகளுக்கு மனை வரும், தெருவிளக்கு வரும், பஸ் வரும், ரேஷன் கடை வரும். எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் சாக்கடை வரும். இந்த வரிசை நூறு ஆண்டுகளாக மாறவில்லை.

நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டை வரை, இன்றைய அண்ணா சாலைக்கு மேற்கே நீண்டு கிடந்தது அந்தப் பெரிய ஏரி. ஆங்கிலேயர்கள் அதை லாங் டேங்க் என்றார்கள். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அதில் படகுப் போட்டிகள் நடத்தினார்கள். 1920-ல் சென்னை நகரத் திட்டச் சட்டம் வந்தது. அதன் பிறகு ஏரியின் மாம்பலப் பகுதியை வடித்துத் தூர்த்து மனைகளாக்கினார்கள். 1925-ல் மறைந்த சர் பிட்டி தியாகராயரின் பெயர் புது நகருக்குச் சூட்டப்பட்டது. நடுவில் பனகல் பூங்கா. தெருக்களுக்கு நாயர், உஸ்மான், பசுல்லா, ஜி. என். செட்டி என்று பெயர்கள். நீதிக் கட்சி ஆட்சியின் கையெழுத்து நகரின் வரைபடத்திலேயே இருக்கிறது. எஞ்சியிருந்த நுங்கம்பாக்கம் பகுதியும் 1970-களில் மனைகளுக்கும் 1976-ல் திறக்கப்பட்ட வள்ளுவர் கோட்டத்துக்கும் போய்ச் சேர்ந்தது.

அந்த ஆட்சியின் சமூக நீதிச் சாதனைகளை நான் வகுப்பில் பெருமையோடு பாடம் நடத்துகிறவள். ஆனால் ஒன்றைக் கேட்காமல் இருக்க முடியவில்லை. பழைய அக்கிரகாரத்தின் வரிசை வீடுகளை விட்டு வந்து, காற்றோட்டமும் தோட்டமும் அகன்ற தெருவுமாக ஒரு நவீன நகரத்தைக் கற்பனை செய்ய முடிந்தவர்களுக்கு, மலம் அள்ளும் பெண் இல்லாத கக்கூஸை ஏன் கற்பனை செய்ய முடியவில்லை? அது தொழில்நுட்பம் இல்லாத காலமல்ல. கேப்டன் ஹெக்டர் டல்லக் சென்னையின் வடிகால் பற்றிய அறிக்கையை 1865-லேயே எழுதிவிட்டார். அதற்கும் முன், 1863-ல், இந்தியாவுக்கு ஒருமுறையும் வராத ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல், இங்குள்ள படை முகாம்களிலிருந்து சென்ற படிவங்களைப் படித்துவிட்டு, நல்ல வடிகாலும் நல்ல குடிநீரும் இல்லாததே சாவுக்குக் காரணம் என்று லண்டனில் உட்கார்ந்து வாதாடினார். அவருடைய கவலை வெள்ளைச் சிப்பாயில் தொடங்கியது என்பதும் உண்மை. முகாமுக்கு அடுத்த பஜாரைச் சுத்தம் செய்யாமல் முகாமைக் காப்பாற்ற முடியாது என்ற வழியில்தான் அவர் ஊர் மக்களிடம் வந்து சேர்ந்தார். ஆனாலும் வந்து சேர்ந்தார்.

1910-ல் சென்னைக்கு ஒரு முழுமையான பாதாளச் சாக்கடைத் திட்டம் வடிவமைக்கப்பட்டது. 1961-ல் நகரில் 6.6 லட்சம் பேர் இருப்பார்கள் என்று கணக்கிட்டார்கள். 1961 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 17 லட்சத்துக்கும் மேல் இருந்தார்கள். குழாயின் விட்டம் 6.6 லட்சம் பேருக்கு. மிச்சப்பட்ட பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் கழிவு என்ன ஆயிற்று என்பதற்கு விடை கொல்லைப்புறச் சந்தில் இருக்கிறது.

எடுப்புக் கக்கூஸைப் பார்த்திராத தலைமுறை இதை வாசிக்கிறது; அதனால் கொஞ்சம் விளக்கிச் சொல்கிறேன். வீட்டின் கொல்லைக் கடைசியில் இரண்டு படி உயரத்தில் ஒரு சிறு அறை. உட்காரும் இடத்தில் ஒரு துளை. துளைக்குக் கீழே, தரை மட்டத்தில், வாளியோ தகரத் தட்டோ வைத்திருப்பார்கள். அதுவும் இல்லாமல் வெறும் தரையாகவும் இருக்கும். பின்சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஒரு கதவு, பெரும்பாலும் தகரக் கதவு. அது வீட்டுக்குள் திறக்காது, சந்துக்குத்தான் திறக்கும். விடிவதற்கு முன் ஒரு பெண் அந்தச் சந்து வழியே வருவார். கதவைத் தூக்கி, தகரத் துண்டால் வழித்து, சாம்பல் தூவி, கூடையிலோ வாளியிலோ எடுத்துக்கொண்டு அடுத்த கதவுக்குப் போவார். சந்து முனையில் வண்டி நிற்கும். வண்டி இழுப்பது ஆண்களின் வேலையாகவும், வீடு வீடாகப் போய் வழித்தெடுப்பது பெண்களின் வேலையாகவும் இருந்தது. மழை நாளில் கூடை ஒழுகும். தலையிலிருந்து தோளுக்கு, தோளிலிருந்து புடவைக்கு.

ஏன் பெண்கள்? பகலில் வீட்டில் இருப்பவர்கள் பெண்கள், எனவே கொல்லைப் பக்கம் வேற்று ஆண் வரக் கூடாது என்பது ஒரு காரணம். பெண்ணுக்குக் கூலி குறைவு என்பது இன்னொரு காரணம். ஒரு வீட்டின் கற்பு ஒழுக்கம் இன்னொரு பெண்ணின் தலையில் இப்படியும் ஏறியிருக்கிறது. சாதியையும் பெண்மையையும் தனித்தனி அத்தியாயங்களாகப் பிரித்து நடத்தும் பாடத்திட்டங்களுக்கு இந்த முழங்கால் உயரக் கதவு ஒரு நல்ல பதில். அந்தக் கதவுக்கு இந்தப் பக்கம் ஒரு பெண், அந்தப் பக்கம் ஒரு பெண். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளாமல் இருப்பதற்காகவே அந்தக் கட்டடம் கட்டப்பட்டது. குடிக்கத் தண்ணீர் கேட்டால் வீட்டுப் பெண் எட்ட நின்று உயரத்திலிருந்து ஊற்றுவார். கீழே இரண்டு கை குவிந்திருக்கும். பழைய சோற்றையும் அப்படித்தான் போடுவார்கள். வீட்டுக்குள் அடக்கப்பட்டவள் என்று நாம் எழுதும் அந்த வீட்டுப் பெண், கொல்லையில் ஒரு எசமானி. பெண் எழுத்தில் நாம் அடுக்களையைப் பற்றி எவ்வளவோ எழுதிவிட்டோம். கொல்லையைப் பற்றி எழுதியது குறைவு.

தமிழ் இலக்கியத்துக்குச் சாக்கடை தெரியாததல்ல. திருக்குறளில் அங்கணம் வருகிறது. மணிமேகலையில் சுருங்கை என்ற சொல் வருகிறது. நிலத்தடியில் ஓடும் வடிகாலுக்கு அந்தப் பெயர். வஞ்சி மாநகரின் அகழிக்கு என்னென்ன நீர் வந்து சேர்கிறது என்று சாத்தனார் ஒரு பட்டியல் தருவார். வீட்டுப் பெண்கள் கூந்தல் கழுவிய வாசனை நீர் சுருங்கைத் தூம்பு வழியாக வருவது அதில் முதலாவது. நீராடியவர்களின் சந்தனம் கரைந்த நீர் அடுத்தது. பட்டியல் இப்படியே நீளும். கடைசியில் அகழியிலுள்ள மீன்களே தம் புலால் நாற்றம் போய் மணக்கின்றன. முனைவர் பட்டத்துக்குப் படிக்கும்போது இந்த இடத்தை ரசித்து அடிக்குறிப்பு எழுதியிருக்கிறேன். இன்று வாசிக்கும்போது, வஞ்சியில் யாரும் கக்கூஸ் போகவில்லையா என்று கேட்கத் தோன்றுகிறது. காவியத்தின் சாக்கடையில் பெண்ணுடம்பின் வாசனை மட்டும் போகிறது. பெண்ணுடம்பிலிருந்து வெளியேறும் மற்றவற்றைச் சுமக்க ஆளும் இல்லை, சொல்லும் இல்லை.

எடுப்புக் கக்கூஸ் நகரங்களில் படிப்படியாகக் குறைந்தது. 1978-ல் சட்டம் இயற்றி, நகரின் குடிநீருக்கும் கழிவுநீருக்கும் தனி வாரியம் அமைத்தார்கள். நாம் மெட்ரோ வாட்டர் என்கிறோமே, அது. அதே காலத்தில்தான் நகரம் தெற்கிலும் மேற்கிலும் பெருகி வேளச்சேரி, மடிப்பாக்கம், கொரட்டூர், அம்பத்தூர், போரூர் ஏரிகளின் ஓரங்களுக்குப் போனது. இந்த இரண்டாம் அலைக் குடியிருப்புகளின் நடுக்காலத்துக்குக் கூடை தேவைப்படவில்லை. செப்டிக் டேங்க் வந்துவிட்டது.

நான் வளர்ந்த வீடு அப்படி ஒரு வீடு. தெற்குப் புறநகரில், ஓர் ஏரியின் உள்வாயை ஒட்டிய மனைப்பிரிவு. 1980-களின் கடைசியில் குடிபோனோம். செப்டிக் டேங்க் என்பது கழிவைத் தேக்கி, தெளிந்த நீரை மண்ணுக்குள் விட்டுவிடும் ஏற்பாடு. மண் அதைக் குடிக்க வேண்டும். ஏரி நிலம் ஐப்பசி பிறந்தால் தானே நிறைந்து நிற்கும், வேறு எதைக் குடிக்கும்? இரண்டு நாள் அடைமழைக்குப் பிறகு கக்கூஸ் பேசினில் தண்ணீர் கொப்பளிக்கத் தொடங்கும். ஊற்றியது போகாது, போனதும் திரும்பி வரும்.

அந்த நாட்களுக்கு அம்மா ஒரு சட்டம் வைத்திருந்தார். அப்பாவும் அண்ணனும் காலையில் போய்விடுவார்கள். அவர்களுக்கு அலுவலகமும் கல்லூரியும் இருந்தன, வழியில் ஆயிரம் சுவர் இருந்தது. வீட்டில் இருந்த நாங்கள் மூன்று பெண்கள், பாட்டி உட்பட, காப்பியை அரை டம்ளராகக் குறைத்துக்கொள்வோம். மத்தியானம் ரசம் கிடையாது, மோர் கிடையாது. பாட்டிக்கு முழங்கால் வலி. மாடி வீட்டுக்காரர்களின் கக்கூஸுக்கு ஏறிப்போக முடியாது. வாசலில் தண்ணீர் வற்றும்வரை அவர் சாப்பாட்டையே ஒருவேளை ஆக்கிக்கொண்டார். மாதவிலக்கு அந்த வாரத்தில் வந்துவிட்டால் துணியை அலசிய தண்ணீரை எங்கே கொட்டுவது என்பது தனிப் பிரச்சினை. ஒவ்வொரு மழைக்காலத்துக்குப் பிறகும் எங்கள் தெருப் பெண்களுக்கு நீர்க்கடுப்பு வரும். பார்லித் தண்ணீர் குடி, நிறையத் தண்ணீர் குடி என்பார் டாக்டர். தண்ணீர் குடிக்காமல் இருந்ததால்தான் வந்தது என்பதை அவரிடம் யாரும் சொன்னதாக எனக்கு நினைவில்லை. நகரத்தின் வடிகால் பற்றாக்குறையைச் சிறுநீர்ப்பையில் அடக்கிவைத்த கணக்கு எந்தப் பொறியியல் அறிக்கையிலும் ஏறாது.

டேங்க் நிரம்பினால் லாரிக்குச் சொல்ல வேண்டும். தெரு முழுக்க ஒரே நேரத்தில் நிரம்புவதால் லாரி உடனே வராது. தொலைபேசி இருந்த வீட்டில் போய் நின்று திரும்பத் திரும்பக் கேட்பது, நாள் பார்த்து வீட்டில் காத்திருப்பது, குழாய் விட வாசலில் இடம் ஒழிப்பது, போன பிறகு டெட்டால் ஊற்றிக் கழுவுவது, எல்லாம் பெண்கள் வேலை. லாரியோடு இரண்டு ஆண்கள் வருவார்கள். குழாய் உறிஞ்சாத அடிச்சகதிக்கு அவர்களில் ஒருவர் இறங்குவார். அவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கவென்று துவைக்கிற கல்லின் பக்கத்தில் ஒரு பச்சைப் பிளாஸ்டிக் சொம்பு எங்கள் வீட்டில் இருந்தது. சந்து போய்விட்டது. சொம்பு இருந்தது.

பாதாளச் சாக்கடை கேட்டு மனு கொடுக்கும் படலம் பல ஆண்டுகள் நடந்தது. நலச்சங்கத்தின் தலைவர், செயலாளர், பொருளாளர் எல்லோரும் ஆண்கள். வேலை நாளில் அலுவலகத்துக்குப் போய் வரிசையில் நின்று மனு கொடுக்க அவர்களுக்கு நேரம் இருக்காது, பெண்கள்தான் போவார்கள். மறுநாள் செய்தித்தாளில் வந்தால் சங்கத் தலைவர் பெயர் இருக்கும், கூடவே “மற்றும் பெண்கள் உள்பட பலர்”. என் தாயார் பல ஆண்டுகள் அந்தப் “பலர்” ஆக இருந்தார்.

எங்கள் பக்கம் சாக்கடைக்காகக் காத்திருந்தபோது கொஞ்ச தூரத்தில் இன்னொரு பரிசோதனை நடந்துகொண்டிருந்தது. பரங்கிமலை அடிவாரத்து ஆலந்தூர் நகராட்சி, 1990-களின் பிற்பகுதியில், தன் மக்களிடமே முன்பணம் வாங்கிப் பாதாளச் சாக்கடை போட முடிவெடுத்தது. வீட்டுக்கு 5,000 ரூபாய். தனியார் நிறுவனம் கட்டியது. சுத்திகரிப்பு நிலையம் பெருங்குடியில் அமைந்தது. 2003 வாக்கில் பயன்பாட்டுக்கு வந்தது. இன்றும் நிர்வாகவியல் வகுப்புகளில் இதை முன்மாதிரியாகச் சொல்கிறார்கள். மக்கள் பங்கேற்பு என்கிறார்கள். பாராட்ட வேண்டியதுதான், சாக்கடை வந்துவிட்டதே. ஆனால் 1990-களின் நடுத்தரக் கீழ்மட்டக் குடும்பத்தில் 5,000 ரூபாய் எங்கிருந்து வந்திருக்கும் என்று யோசிக்கிறேன். எங்கள் பகுதிக்கு இணைப்பு வந்தபோது அந்தக் கட்டணத்துக்கு அம்மாவின் ஒரு ஜோடி வளையல் அடகுக்குப் போயிற்று. அடுத்த வீட்டில் சீட்டுப் பணம். எதிர் வீட்டில் மகளுக்கு எடுத்துவைத்த காசு. இணைப்புச் சீட்டில் இருந்தது வீட்டு உரிமையாளரான அப்பாவின் பெயர். பங்கேற்பு யாருடையது என்பதைச் சீட்டைப் பார்த்துச் சொல்ல முடியாது.

இதுவரை சொன்னது பட்டா உள்ளவர்களின் கதை. ஏரிக்கரையில் பட்டா இல்லாதவர்களும் இருந்தார்கள். எங்களுக்கு முன்பே வந்தவர்கள். கரையை ஒட்டிய குடிசைப் பெண்களுக்கு ஏரிப்புதர்தான் கக்கூஸ். விடிவதற்கு முன், இருட்டிய பின். ஏரிக்குள் மனை பிரிக்கப் பிரிக்கப் புதர் போயிற்று, இருட்டும் போயிற்று. தெருவிளக்கு எங்களுக்குப் பாதுகாப்பாகவும் அவர்களுக்கு இடைஞ்சலாகவும் வந்தது. பிறகு ஏரியைச் சுற்றி வேலி, நடைபாதை, பெயர்ப் பலகை. ஏரியைக் காப்பாற்றுவதற்காக என்று சொல்லி அப்புறப்படுத்தப்பட்டவர்கள் குடிசைக்காரர்கள். உள்வாயில் மாடி கட்டியவர்கள் அங்கேயே இருக்கிறோம். நீர்நிலைப் புறம்போக்கு என்ற சொல் ஏழைக்கு ஆக்கிரமிப்பு, மற்றவர்களுக்கு வரன்முறை.

நகரின் நீர்க்கரைகளிலிருந்து இப்படி எடுக்கப்பட்டவர்களுக்காக 2000-ல் ஒக்கியம் துரைப்பாக்கத்தில் ஒரு குடியிருப்பு தொடங்கியது. அதற்கு கண்ணகி நகர் என்று பெயர். 2015 வெள்ளத்துக்குப் பிறகு இன்னும் பலரைப் பெரும்பாக்கத்துக்குக் கொண்டுபோனார்கள். இரண்டும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் சுற்றுப்புறம். நகரின் குப்பையும் கழிவுநீரும் நெடுங்காலமாகப் போய்ச் சேரும் பெருங்குடி அதே சதுப்பின் இன்னொரு ஓரம். நீதி கேட்டு நகரத்தை எரித்தவளின் பெயரை, நகரத்திலிருந்து வெளியேற்றப்பட்டவர்களின் இருப்பிடத்துக்கு வைத்தவர் யாரோ, அவருக்கு இதன் முரண் உறைத்திருக்காது என்றே நினைக்கிறேன்.

குழாய் வந்த பிறகு என்ன ஆயிற்று என்பதையும் சொல்ல வேண்டும். ஏரி நிலத்துக் குழாய் அடிக்கடி அடைக்கும். சரிவு குறைவு, வேகம் இல்லாமல் ஓடும் கழிவு மண்ணோடு படியும். மழைநீரை வேறு நாம் அதே மேன்ஹோலில் திறந்துவிடுவோம். படிந்தது அழுகி ஹைட்ரஜன் சல்ஃபைடும் மீத்தேனும் சேரும். மூடியைத் திறந்து இறங்கியவர் இரண்டு நிமிடத்தில் மயங்குவார். அவரைத் தூக்க இறங்கியவரும் மயங்குவார். “விஷவாயு தாக்கி இருவர் பலி” என்று செய்தி வரும். விஷவாயு ஏதோ வெளியிலிருந்து வந்து தாக்கியது போல. சந்தில் ஒரு பெண் செய்த வேலை, குழிக்குள் அவர் மகனின் வேலையாயிற்று.

உலர் கழிப்பிடங்களைத் தடை செய்யும் சட்டம் 1993-ல் வந்தது. பாதாளச் சாக்கடைக் குழிகளில் ஆட்களை இறக்கக் கூடாது என்று 2008-ல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. 2013-ல் இன்னும் விரிவான சட்டம். 2014-ல் உச்ச நீதிமன்றம், 1993 முதல் சாக்கடையில் இறந்தவர்களின் குடும்பங்களைக் கண்டறிந்து தலா 10 லட்சம் தர வேண்டும் என்றது. 2023 அக்டோபரில் அது 30 லட்சமாயிற்று. இவ்வளவுக்குப் பிறகும், ஒன்றிய அரசு நாடாளுமன்றத்தில் தரும் இறப்புக் கணக்குகளில் தமிழ்நாடு முன்வரிசையில் நிற்கிறது.

தீர்ப்புகளில் “சார்ந்தோர்” என்று ஒரு சொல் வருகிறது. நடைமுறையில் அது பெரும்பாலும் இருபதுகளிலோ முப்பதுகளிலோ இருக்கும் ஒரு மனைவி. அவர் நிரூபிக்க வேண்டியவை பல. கணவர் அந்தக் குழிக்குள்தான் இறந்தார் என்று. தவறி விழவில்லை, இறக்கப்பட்டார் என்று. இறக்கியவர் இன்னார் என்று. ஒப்பந்தக்காரர் என் ஆள் இல்லை என்பார். வீட்டுக்காரர் நான் லாரிக்குத்தான் சொன்னேன் என்பார். முதல் தகவல் அறிக்கையில் ஒரு வரி மாறினால் 30 லட்சமும் இல்லை. பிணவறையிலிருந்து காவல் நிலையம், அங்கிருந்து வட்டாட்சியர் அலுவலகம், மாவட்ட ஆட்சியர் அலுவலகம், கைக்குழந்தையோடு. கருணை அடிப்படையில் ஒரு வேலை கிடைத்தால் அது துப்புரவு வேலை. கணவரைக் கொன்ற வேலையின் வாசலிலேயே அவரைத் திரும்பக் கொண்டுவந்து நிறுத்துவதற்குக் கருணை என்று பெயர்.

பெரிய அடுக்குமாடிகளில் இப்போது அவரவர் வளாகத்துக்குள்ளேயே சுத்திகரிப்பு நிலையம் வைத்துக்கொள்கிறார்கள். ஏரியைப் பார்த்த பால்கனி, கீழ்த்தளத்தில் கழிவுநீர்த் தொட்டி. நகரத்துக் குழாய் இன்னும் வராத ஏரிக்கரைகளில் நடுக்காலத்தைக் கடக்க இது இன்றைய வழி. அந்தத் தொட்டிகளிலும் ஆட்கள் இறந்திருக்கிறார்கள். முன்பாவது குழி தெருவில் இருந்தது, யாராவது பார்ப்பார்கள்.

போன ஆண்டு முதுகலை மாணவிகளுக்கு வாய்மொழி வரலாற்றுப் பயிற்சியாக மூன்று கேள்விகள் கொடுத்தேன். உங்கள் வீட்டு மூத்த பெண்ணிடம் கேளுங்கள்: வீட்டுக்குப் பாதாளச் சாக்கடை எப்போது வந்தது? அதற்கு முன் கழிவை எடுத்தது யார்? அவரை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவீர்கள்? முதல் கேள்விக்குப் பலரும் பதில் கொண்டுவந்தார்கள். அத்தை கல்யாணத்துக்கு முந்தின வருஷம், எம்.ஜி.ஆர். இறந்த வருஷம் என்று. இரண்டாவதற்கு ஒரு அம்மா வருவாங்க, லாரி வரும் என்று எழுதியிருந்தார்கள். மூன்றாவது பெரும்பாலான தாள்களில் காலியாக இருந்தது. சிலர் சாதிப் பெயரை எழுதி அடித்திருந்தார்கள்.

வடசென்னையிலிருந்து வரும் ஒரு மாணவியின் தாள் வேறு மாதிரி இருந்தது. இரண்டாவது கேள்விக்கு அவள் “எங்க ஆயாதான்” என்று எழுதியிருந்தாள். ஆயாவுக்கு அப்போது பதினாறு, பதினேழு வயது இருக்கும். மாமியார் செய்த வேலை, கல்யாணமாகி வந்ததும் கைக்கு வந்தது. காலை நாலரைக்குக் கிளம்ப வேண்டும். தெருப் பெயர்கள் அவருக்குத் தெரியவில்லை. சந்துக்குள் பெயர்ப் பலகை கிடையாது. வீடுகளைப் பின்பக்கத்து அடையாளம் வைத்துச் சொல்லியிருக்கிறார். முருங்கை மரத்து வீடு, உடைந்த கதவு வீடு, நாய் கட்டிய வீடு. கல்யாணம், கருமாதி நடந்தால் இரண்டு நடை. தீபாவளிக்குச் சில வீடுகளில் பழைய புடவை. முதல் இரண்டு மாதம் சோறு இறங்கவில்லை. வெற்றிலை பாக்குப் போடப் பழகியது அப்போதுதான், பல் எல்லாம் அதில் போயிற்று. முன்பக்கத்திலிருந்து அந்த வீடுகளை அவர் பார்த்ததே இல்லை.

குழாய் வந்ததைப் பற்றிக் கேட்டதற்கு அவர் சொன்னதை மாணவி அப்படியே எழுதியிருந்தாள்: “நல்லதுதான் கண்ணு. ஆனா மாசத்துக்கு வீட்டுக்கு வீடு வாங்கின காசு அதோட நின்னுபோச்சு. யாரும் வந்து சொல்லல. ஒருநாள் போனேன், எல்லாக் கதவையும் செங்கல் வச்சுப் பூசியிருந்தாங்க.”